கோணல் அறையும் சமையல் மேடையும்



தோட்டத்து லயத்தில் குடியிருந்த காலத்தில், சமையலறையை எப்படி அமைப்பது என்ற கேள்வியே நமக்கு எழுந்ததில்லை. பின்புறம் விறகடுப்பு, மேலே ஒரு பரண். தோட்ட நிர்வாகம் கட்டிக் கொடுத்தது அவ்வளவுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின், இங்கே ஜெலாப்பாங், சிலிபின் வட்டாரங்களில் நம்மவர் பலர் மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். 1982-இல் அரசாங்கம் அத்தகைய வீட்டுக்கு 25,000 வெள்ளி என்று உச்ச விலை வைத்தது. வீட்டின் பரப்பு 550 முதல் 600 சதுர அடி. அதற்குள் கூடம், படுக்கையறை, குளியலறை எல்லாம் போக, எஞ்சியதே சமையலறை. மூலையில் ஒரு தூண் நீட்டிக்கொண்டிருக்கும். குளியலறைக் கதவு அடுப்படிக்குள் திறக்கும். சுவருக்குச் சுவர் அளவு ஒத்து வராது.

இந்த அறைக்குத்தான் அலமாரியும் மேடையும் பொருத்தித் தருகிறோம் என்று கடைக்காரர்கள் வருகிறார்கள். அடிக்கு இத்தனை வெள்ளி என்பது பலருடைய கணக்கு. நீளம் கூடினால் அவர்களுக்கு லாபம். ஆகவே இருக்கிற சுவரையெல்லாம் அலமாரியால் நிரப்பச் சொல்வதில் வியப்பில்லை. ஒருவர் 6,500 வெள்ளி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால், நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். அப்படியானால் அந்த அலமாரியின் விலை நூறு நாள் உழைப்பு. 1980-ஆம் ஆண்டின் பணிநீக்கச் சலுகை விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் கிடைக்கும். தோட்டத்தை விட்டு வரும்போது கையில் வாங்கிய தொகையில் ஐந்தாண்டுப் பங்கு சமையலறைச் சுவரில் ஏறிவிடுகிறது. ஆகவே, அலமாரியின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் அளவு டேப்பைக் கையில் எடுப்போம்.

அறையின் நீளத்தை ஓர் இடத்தில் மட்டும் அளந்தால் போதாது. தரையோரம் ஒரு முறை, இடுப்பு உயரத்தில் ஒரு முறை, தலைக்கு மேலே ஒரு முறை அளக்க வேண்டும். தரையில் 11 அடி 7 அங்குலம் இருக்கும் சுவர், மேலே 11 அடி 5 அங்குலமாக இருக்கலாம். பூச்சு வேலை செய்தவரின் கை அப்படி. மூன்றில் சிறிய அளவே நமக்குக் கணக்கு. பெரிய அளவுக்குச் செய்த அலமாரி உள்ளே நுழையாது.

அடுத்து மூலையைப் பார்ப்போம். மூலைமட்டம் இல்லையென்றாலும் கவலையில்லை. மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடியும், மறு சுவரில் 4 அடியும் அளந்து புள்ளி வைப்போம். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருந்தால் மூலை நேராக இருக்கிறது. கூடினால் மூலை விரிந்திருக்கிறது; குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது. வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள். கணக்குப் பாடம் அவனுக்குப் பிடித்துப்போகவும் கூடும்.

தூண் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, கதவு எதுவரை திறக்கிறது, சன்னலின் அடிவிளிம்பு எந்த உயரம், தண்ணீர்க் குழாயும் கழிவு நீர்க் குழாயும் எங்கே, மின்சார பிளக்கு எங்கே, எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொள்வோம். கழிவு நீர்க் குழாய் இருக்கும் இடத்திலேயே பாத்திரம் கழுவும் தொட்டியும் இருக்கட்டும். அதை எதிர்ச்சுவருக்கு மாற்றினால் குழாய்க்குச் சரிவு போதாமல் தண்ணீர் தேங்கும்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறையின் நீளம் 11 அடி 5 அங்குலம், அகலம் 7 அடி 2 அங்குலம். நாம் அடியில் அளந்தாலும் தொழிற்சாலை சென்டிமீட்டரில் செய்கிறது. அப்படிப் பார்த்தால் 348-க்கு 218. கீழ் அலமாரியின் ஆழம் வழக்கமாக 60 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் வைத்தால் நடுவில் 98 மிஞ்சும். ஒருவர் குனிந்து கதவைத் திறந்தால் மற்றவர் தாண்டிப் போக முடியாது. எதிர்ப்பக்கம் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் தட்டு மட்டும் அடித்தால் 128 கிடைக்கும், அதாவது நான்கு அடிக்கு மேல். மளிகைச் சாமான் டப்பாக்களுக்கு அந்த ஆழம் தாராளம். நீளச் சுவரில் தூணுக்கு 23 போக 325 மீதி. அதில் 60 அளவில் ஐந்து பெட்டிகள். மிஞ்சுவது 25. அதில் 20-ஐத் திறந்த இடுக்காக விட்டால் தோசைக்கல்லையும் முறத்தையும் நிறுத்தி வைக்கலாம். மீதி 5-க்கு, கோணல் சுவரை ஒட்டி, ஒரு பலகைத் துண்டு. சுவர் வளைந்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் இழைத்துப் பொருத்துவார்கள். அது இல்லாவிட்டால் கடைசிப் பெட்டியின் கதவு சுவரில் இடித்து முழுதாகத் திறக்காது.

சிறிய சமையலறை நமக்கு மட்டும் வந்த தலையெழுத்து அல்ல. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் 1926-இல், புதிய குடியிருப்புகளுக்காக மார்கரெட் லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நம் அறையைவிடச் சிறியது. ரயில் வண்டியின் சமையற்கட்டைப் பார்த்து, வேலை செய்பவரின் நடையைக் குறைக்கும்படி ஒவ்வொன்றையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. இன்றைய பொருத்து சமையலறைகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி. ஆனால் ஒருவர்தான் அதற்குள் நின்று வேலை செய்ய முடியும் என்ற குறையையும் சொன்னார்கள்.

நமக்கு அந்தக் குறை பெரிய குறை. தீபாவளிக்கு முன்தினம் முறுக்குப் பிழிய நாலு பேர் உட்கார வேண்டும். அரிவாள்மனையில் காய் நறுக்கிப் பழகிய பாட்டியை மேடை முன்னால் நிற்கச் சொல்வது நியாயமில்லை. ஆகவே அந்த நான்கடித் தரையை எந்த அலமாரிக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேடையின் உயரமும் கடைக்காரர் சொல்வது அல்ல. முழங்கையை மடக்கி நின்று, முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே வைப்பது சுகம். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 32 அங்குலம் வரும். மேலே தூக்கி வைக்கும் கேஸ் அடுப்பானால், அடுப்பின் உயரத்தளவு அந்தப் பகுதி மேடையைத் தாழ்த்துங்கள். இல்லாவிட்டால் சோற்றுப் பானையைக் கிளறத் தோளைத் தூக்க வேண்டியிருக்கும். அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே இரண்டடியாவது வெறும் மேடை இருக்கட்டும். காற்று நேரே அடிக்கும் சன்னலுக்கு அடியில் அடுப்பு வேண்டாம்.

கேஸ் தோம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தங்கும். அதை அழகுக்காக அலமாரிக்குள் அடைத்து மூடுவது ஆபத்து. தோம்பு இருக்கும் இடம் தரையோரம் காற்றோட்டம் உள்ளதாக, கழிவு நீர்த் துவாரத்துக்கு எட்ட இருக்க வேண்டும்.

சிலர் இதெல்லாம் எதற்கென்று பின்கட்டையே நீட்டிக் கட்டிவிடுகிறார்கள். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி அதற்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். ஜெலாப்பாங்கில் அது ஈப்போ மாநகர் மன்றம்.

பணம் கொடுப்பதற்கு முன் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் முழு அளவில் கோடு போட்டுப் பாருங்கள். இது அடுப்பு, இது தொட்டி, இது தட்டு என்று எழுதிவிட்டு, இரண்டு மூன்று நாள் அந்தக் கோட்டைத் தாண்டாமல் சமையுங்கள். அதிகாலையில் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பும் அவசரத்தில் கால் எங்கே இடறுகிறது, யார் யாரை இடிக்கிறார்கள் என்பது அப்போது தெரியும். கோட்டை அழித்து மாற்றிப் போடச் செலவில்லை. சரியாக வந்தபின் அதே அளவுகளைத் தாளில் வரைந்து, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு முன்பணத்தைக் கொடுங்கள்.