பக்கத்து மிஷினில் நிற்பவர் யார்?

(பஞ்சாலைத் தொழிலாளர் சங்கக் கூட்டமொன்றில் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இரவு ஷிப்ட் முடித்து, குளிக்கக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். தலையில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. கண்ணில் தூக்கம் நிற்கிறது. ஆகவே வளர்த்தாமல் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கிராமங்களிலிருந்து விவசாயத் தொழிலாளர் சிலரும் வந்திருக்கிறீர்கள். இந்தப் பேச்சு உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசுவான் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதையும் பேசத்தான் வேண்டும். ஆனால் சென்ற மாதம் நாம் போட்ட வாயிற் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். முந்நூறு பேர் வெளியே வந்தார்கள். நின்று கேட்டவர்கள் பதினொரு பேர். மற்றவர்கள் எதிரிகளா? இல்லை. கருங்காலிகளா? அதுவும் இல்லை. ஒருவரை நிறுத்திக் கேட்டேன். "பேசி என்னங்க ஆகப் போகுது?" என்றார். கோபத்தோடு சொல்லவில்லை, சலிப்போடு சொன்னார். கோபக்காரனிடம் பேசலாம், சண்டை போடலாம், சமாதானம் ஆகலாம். சலித்துப் போனவனிடம் என்ன செய்வது? இன்று அதைத்தான் பேச வந்தேன்.

என் குற்றம் ஒன்று

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு தேறியதும் நான் கோவைப் பக்கத்து ஆலை ஒன்றில் பதிலியாகச் சேர்ந்தேன். ரிங் பிரேமில் சைடு பார்க்கும் வேலை. அறுந்த இழையை ஒட்ட வேண்டும். ஒட்டி நிமிர்வதற்குள் இன்னும் நாலு அறுந்திருக்கும். காதில் இரைச்சல். பக்கத்தில் நிற்பவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். மேஸ்திரி பார்த்தால் அதற்கும் ஏச்சு.

என் எதிர்ச் சைடில் ஒருவர் நின்றார். ஏழெட்டு மாதம் ஒரே ஷிப்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வேலை செய்தோம். ஒருநாள் அவர் வரவில்லை. பதிலி வந்து நின்றான். மறுநாளும் வரவில்லை. ஆறாம் நாள் கன்னம் ஒட்டி, தாடியோடு வந்து நின்றார். "எங்கே போயிட்டீங்க?" என்று கேட்டேன். அறையில் தனியாக, தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல், ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்திருக்கிறார். கடைசியில் ஒன்று சொன்னார்: "நான் செத்திருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க. பிரேம் ஓடிட்டுத்தானே இருந்துது?"

தோழர்களே, அன்று நான் தலைகுனிந்தேன். ஏனென்றால் அவர் பேரே எனக்குத் தெரியாது. டோக்கன் நம்பர் தெரியும். அவர் எந்தச் சைடில் எத்தனை இழை விடுவார் என்பது தெரியும். பேர் தெரியாது. முதலாளி நம்மை நம்பராக வைத்திருக்கிறான் என்று பேசுகிறோம். நாமும் ஒருவரை ஒருவர் நம்பராகத்தானே வைத்திருந்தோம்? இரண்டு மாதம் கழித்து அவர் கணக்கு முடித்துக்கொண்டு ஊரோடு போய்விட்டார். கூலி குறைவென்று போகவில்லை. அங்கே நிற்க அவருக்குப் பிடிக்கவில்லை.

இந்தச் சோர்வு எங்கிருந்து வருகிறது?

தொழிலாளிக்கு அக்கறை இல்லை, சோம்பேறி, செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நிர்வாகம் சொல்கிறது. நம்மில் சிலரும் இப்போதெல்லாம் அதே பாட்டைப் பாடுகிறோம். அது உண்மையல்ல. மனிதன் தனியாக்கப்பட்டால் சோர்ந்து போகிறான். வேலையைப் பிரிக்கிற விதத்திலேயே இந்தத் தனிமை உண்டாகிறது. இதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். இரண்டும் ஏட்டில் பதிவானவை.

முதலாவது, இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கம். 1951-ம் வருஷம் டிரிஸ்ட், பாம்ஃபோர்த் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாம்ஃபோர்த் தாமே பல வருஷம் சுரங்கத்தில் வேலை செய்தவர். பழைய முறையில் இரண்டு மூன்று பேர் தாங்களாகவே கூட்டுச் சேர்ந்து ஓர் இடத்தில் வெட்டுவார்கள். வெட்டுவது, அள்ளுவது, முட்டுக் கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒருவன் அடிபட்டால், செத்தால், அவன் குடும்பத்தைக் கூட்டாளி கவனித்ததும் உண்டு. பிறகு புதிய இயந்திரம் வந்தது. நீண்ட சுவர் போல நிலக்கரியை வெட்டும் முறை வந்தது. ஏறக்குறைய நாற்பது பேரை மூன்று ஷிப்டாகப் பிரித்தார்கள். ஒரு ஷிப்ட் வெட்டும், இன்னொன்று சாதனங்களை இடம் மாற்றும், மூன்றாவது அள்ளும். ஒரு ஷிப்டின் முகத்தை இன்னொரு ஷிப்ட் பார்க்காது. முன் ஷிப்ட் வைத்துவிட்டுப் போன குறை பின் ஷிப்டின் தலையில் விழும். விளைவு என்ன? ஒருவரை ஒருவர் குறை சொன்னார்கள். வேலைக்கு வராமல் நின்றார்கள். இயந்திரம் புதிது, எதிர்பார்த்த பலன் மட்டும் கிடைக்கவில்லை.

"அந்த ஷிப்ட்காரன் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுப் போய்விட்டான்" என்று நீங்களும் நேற்று ராத்திரி சொல்லியிருப்பீர்கள்! சிரிக்கிறீர்கள். நானும் சொன்னவன்தான்.

ஆமதாபாத் தறிக்கூடம்

இரண்டாவது உதாரணம் நம் நாட்டில், நம் தொழிலிலேயே நடந்தது. ஆமதாபாத் காலிகோ மில்லில் ஒரு கூடத்தில் தானியங்கித் தறிகள் போட்டிருந்தார்கள். 224 தறிகள், 29 தொழிலாளர்கள். ஆனால் வேலையைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்திருந்தார்கள். இழை அறுந்தால் பார்க்க ஒருவர், ஊடை நூல் நிரப்ப ஒருவர், எண்ணெய் விட ஒருவர், கூட்டிப் பெருக்க ஒருவர். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண்ணிக்கையில் தறிகள். ஆக, யாருக்கும் "இது எங்கள் தறி, இவர்கள் எங்கள் ஆட்கள்" என்று சொல்ல வழியில்லை. புதிய தறி போட்டும் உற்பத்தி ஏறவில்லை. துணியில் பழுது குறையவில்லை.

1953-ல் ரைஸ் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் வந்து பார்த்தார். ஒரு தொகுதித் தறிகளுக்கு ஒரு குழு என்ற யோசனையைச் சொன்னார். தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். யார் யாரோடு சேருவது என்று தொழிலாளர்களே பேசி முடிவு செய்தார்கள். ஏழு பேர், 64 தறிகள். தறி அதே தறி. ஆள் அதே ஆள். சிறிது காலத்தில் உற்பத்தி ஏறியது, பழுது குறைந்தது. ரைஸ் இதை 1958-ல் புத்தகமாகவே எழுதினார்.

ஆராய்ச்சியாளரைப் புகழவோ முதலாளியைப் புகழவோ இதைச் சொல்லவில்லை. கூடுதலாக நெய்த துணியின் பலன் யாருக்கு எவ்வளவு என்பது வேறு சண்டை. அதை விட்டுக்கொடுக்க முடியாது. நான் சொல்ல வந்தது வேறு: அக்கறையில்லாதவர்கள் என்று பேர் வாங்கிய அதே தொழிலாளிகள், ஒரு குழு என்று ஆனவுடன் வேறு மனிதர்களானார்கள். அப்படியென்றால் கோளாறு மனிதனிடத்தில் இல்லை. அவனை நிறுத்தி வைத்த விதத்தில் இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பதினேழு வருஷம் கழித்து, 1970-ல் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். ஒரு கூடத்தில் அந்தக் குழு முறை நிலைத்திருந்தது. மற்ற இடங்களில் நெருக்கடி வந்தபோது தேய்ந்து போயிருந்தது. ஒற்றுமை ஒரு தடவை கட்டி முடித்துப் பூட்டிவிடுகிற வீடல்ல. அது அடுப்பு மாதிரி. தினம் விறகு வைக்க வேண்டும்.

வயலிலும் இதே கதை

விவசாயத் தொழிலாளர் தோழர்களே, உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நடவுக்குப் பெண்கள் வரிசையாக இறங்கினால், ஒருத்திக்கு இடுப்புவலி என்றால், இரண்டு பக்கத்தில் இருப்பவர்களும் ஆளுக்கு ஒரு கை கூடுதலாக நட்டு அவளை வரிசையோடு கொண்டுபோவார்கள். பாட்டு, பேச்சு, வம்பு, வீட்டுக் கஷ்டம் எல்லாம் அங்கேதான். இயந்திரம் வந்தபின் அந்த வரிசையும் குலைந்தது. ஒருவர் திருப்பூருக்கு, ஒருவர் கட்டட வேலைக்கு, ஒருவர் வீட்டோடு. இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வரிசையை வேறு விதத்தில் கட்ட வேண்டும்.

1940-களில் கீழத் தஞ்சையில் பண்ணையாட்களுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் இருந்தன. அதைவிடச் சோர்ந்த, தனித்துவிடப்பட்ட ஜனங்கள் உண்டா? அங்கே 1943-ல் பி. சீனிவாசராவ் போனார். கன்னடம் பேசும் பிரதேசத்தில் பிறந்தவர். அவர் மேடை போட்டுத் தொடங்கவில்லை. சேரிக்குள் போனார். அவர்கள் குடிசையில் தங்கினார், அவர்கள் குடித்த கூழைக் குடித்தார். பேச்சைப் பிறகு கேட்டார்கள்; முதலில் மனிதனைப் பார்த்தார்கள். அதன்பின்தான் சங்கம் வந்தது, சாட்டை போனது.

நிர்வாகத்தின் மருந்தும் நம்முடைய மருந்தும்

சோர்வு இருக்கிறது என்பது நிர்வாகத்துக்கும் தெரியும். அதற்கு அவர்கள் ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் இனிப்பு கொடுக்கிறார்கள். "நாம் ஒரே குடும்பம்" என்று வாசலில் பலகை மாட்டுகிறார்கள். குடும்பம் என்றால் சந்தோஷம்தான். ஆனால் குடும்பத்தில் வரவு செலவுக் கணக்கை எல்லோருக்கும் காட்டுவார்களே! காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி கொடுப்பார்களே! அது எங்கே?

சரி, நாம் என்ன செய்யப் போகிறோம்? பெரிய திட்டம் எதுவும் சொல்லப் போவதில்லை. நாளைக்கே செய்யக் கூடியது ஐந்து.

ஒன்று: உங்கள் இருபுறமும் நிற்பவர் பேர், ஊர், வீட்டில் யார் யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிரந்தரம், காண்டிராக்ட், ஹாஸ்டல் பெண் என்று இதில் பேதம் கிடையாது.

இரண்டு: ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் யாராவது ஒருவர் அறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இதற்குத் தீர்மானமும் வேண்டாம், தலைவரும் வேண்டாம்.

மூன்று: புதிதாக வந்தவரை முதல் வாரம் தனியாகச் சாப்பிட விடாதீர்கள். பீகாரிலிருந்தும் ஒடிஷாவிலிருந்தும் வந்த பையன்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். "வடக்கன்" என்று கூப்பிட்டுவிட்டு, அவன் நம்மோடு கேட்டில் நிற்கவில்லை என்று வருத்தப்பட்டால் எப்படி? அவன் பாஷையில் பத்து வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். நம் பாஷையில் பத்து வார்த்தை சொல்லிக் கொடுங்கள். குறைந்த கூலிக்கு அவனை வைத்திருப்பவனோடுதான் நமக்கு வழக்கு, அவனோடு அல்ல.

நான்கு: ஷிப்ட் மாறும்போது ஒரு நிமிஷம் நின்று, எந்த மிஷினில் என்ன குறை என்று அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பாதிச் சண்டை அதோடு தீரும்.

ஐந்து: சிறிய கோரிக்கை ஒன்றை எடுத்து ஜெயித்துக் காட்டுவோம். குடிதண்ணீர்க் குழாய், ஓடாத மின்விசிறி, பெண்களுக்குக் கதவில்லாத கக்கூசுக்குக் கதவு. "பேசி என்ன ஆகப் போகுது" என்பதற்குப் பேச்சால் பதில் சொல்ல முடியாது. அந்தக் கதவுதான் பதில்.

சங்கத்துக்கும் ஒரு வார்த்தை

கடைசியாக, எங்களைப் போன்ற ஊழியர்களைப் பற்றி. சந்தா வாங்க வருகிறோம். தேதி சொல்லிவிட்டுப் போகிறோம். கூட்டத்தில் ஒரு மணி நேரம் நாங்கள் பேசுகிறோம், "கேள்வி உண்டா?" என்று எழுந்து நின்றுகொண்டு கேட்கிறோம். நிர்வாகத்தோடு பேச்சு வார்த்தை நடத்திவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் அதை வந்து சொல்லக்கூட வெட்கப்பட்டு மறைந்துகொள்கிறோம். இது தவறு. கிடைக்கவில்லை என்பதையும் வந்து சொல்ல வேண்டும். தோல்வியை மன்னிக்கிற தொழிலாளி, தன்னை மறந்துவிட்டதை மன்னிக்க மாட்டான். இனிமேல் ஒவ்வொரு இலாகாவுக்கும் ஒவ்வொரு ஷிப்டுக்கும் இரண்டு பேர் கொண்ட சிறு கமிட்டி போடுவோம். அவர்கள் முதல் வேலை பேசுவதல்ல; கேட்பது.

பேசி முடித்துவிட்டேன். கோஷம் போடும் முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வலது பக்கம் திரும்புங்கள். பக்கத்தில் இருப்பவர் பேர் தெரியுமா? தெரியாவிட்டால் வெட்கப்படாமல் இப்போதே கேளுங்கள். என்னைப் போல ஆறாம் நாள் கேட்காதீர்கள்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!