பட நூலும் மழலைக் குரலும்



குழந்தை பேசுதற்கு முன்பே குரல் எழுப்புகின்றது. அதன் கூவலும் முனகலும் வீறிடலும் வெறும் ஆரவாரம் அல்ல. தன் மிடற்றுள் எவ்வெவ் வொலிகள் உறைகின்றன என்று அது துழாவிப் பார்க்கும் முயற்சியே அவை. இம்முயற்சியை 'வாயை மூடு' என்று முளையிலேயே கிள்ளிவிட்டு, ஐந்தாம் அகவையில் 'பாடு' என்றால் எங்ஙனம் பாடும்?

பாட வராதவர் என ஒதுக்கப்படும் குழந்தைகளுட் பலர் செவிக்குறை உடையவர் அல்லர். பேசுங் குரல் வேறு, பாடுங் குரல் வேறு என்றுணரும் வாய்ப்புப் பெறாதவர். பேச்சுக்குரிய தாழ்குரலைக் கொண்டே பாட்டையும் இழுத்துச் செல்வர். பாட்டு ஏறுமிடத்துக் குரல் ஏறாது, கத்தலாகும். தமிழிசை நூலார் மெலிவு, சமன், வலிவு என மூவகை இயக்கம் கூறினர். குழந்தையின் குரல்நாண்கள் குறுகியன. ஆதலின் உயர்ந்த ஒலி அதற்கு இயல்பாகவே உரியது. ஆயினும் 'குரலை உயர்த்து' என்றால் அஃது உரக்கக் கத்துகின்றது! ஏனெனில் ஒலியின் ஏற்றமும் இறக்கமும் கண்ணுக்குப் புலனாகாதவை.

இங்கேதான் படம் துணைக்கு வருகின்றது. மலைச்சரிவில் நத்தை ஏறும் படத்தைக் குழந்தையின் முன் வைத்து, அதன் தடத்தில் விரலை ஓட்டச் செய்க. விரல் ஏற ஏறக் குரலும் 'ஊ' என்று வழுக்கிக்கொண்டே ஏறும். உருண்டு விழுகையில் இறங்கும். ஆரோசை, அமரோசை என்னும் பெயர்கள் பின்னர் வரட்டும்.

இவ்வெண்ணம் நேற்று முளைத்ததன்று. மொராவியாவிற் பிறந்த கொமீனியசு (1592-1670) என்னும் கல்வியறிஞர் 1658-இல் நூரெம்பர்க்கு நகரில் 'ஆர்பிசு பிக்டசு' என்னும் பட நூலை இலத்தீனிலும் செருமனிலும் வெளியிட்டார். அதன் தொடக்கத்தே எழுத்துதோறும் ஒரு படமும் அதற்குரிய ஒலியும் நிற்கும். காக்கை, ஆட்டுக்குட்டி, வாத்து, ஓநாய், கரடி, அழும் குழவி, வீசும் காற்று என அவை அமைந்தன. குழந்தை அவற்றைப்போல் ஒலித்துக்கொண்டே எழுத்தை அடைந்தது. அவற்றுட் பலவற்றின் குரலுக்குத் தனித்தனி வினைச்சொல்லும் இலத்தீனில் தரப்பட்டது.

தமிழுக்கு இவ்வளம் புதிதா? காக்கை கரையும்; மயில் அகவும்; குயில் கூவும்; யானை பிளிறும்; குதிரை கனைக்கும்; ஆந்தை அலறும்; வண்டு முரலும். இத்தனையையும் 'கத்தும்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்ட வீட்டில் சொல்லும் போயிற்று. அச்சொல் சுட்டும் ஒலி வேறுபாடும் குழந்தையின் செவியை விட்டுப் போயிற்று. தெருநாய் 'லொள்' என்று குரைக்க, பள்ளிக்கூடத்து நாய் மட்டும் 'பவ் வவ்' என்கின்றது! அகவலையும் பிளிறலையும் குழந்தை தன் மிடற்றால் செய்து பார்க்குமாயின் வலிவும் மெலிவும் தாமே கைவரும், சொல்லும் உடன்வரும்.

அங்கேரி நாட்டு இசையறிஞர் சோல்தான் கோடாய் குழந்தையின் இசைக்கல்வியைத் தாய்மொழி நாட்டுப்பாடலில் தொடங்கவேண்டும் என்று வற்புறுத்தியதும் இதனோடு ஒத்ததே.

அயல்நாட்டு நூல்களிலும் கற்கத்தக்கன உண்டு. கனடா நாட்டு இராபர்ட்டு மன்சு எழுதிய 'மார்டிமர்' என்னும் பட நூலில், உறங்க மறுத்துப் பாடும் சிறுவனை அடக்கத் தாயும் தந்தையும் பிறரும் ஒருவர்பின் ஒருவராகப் படியேறுவர். ஏறும்போது குரலும் படிப்படியாக ஏறும், இறங்குகையில் இறங்கும். இசை வகுப்பினர் இதை விரும்பி எடுப்பர். கொள்ளவேண்டியது அமைப்பை, கதையும் ஒலியும் தமிழிலேயே அமையலாம்.

ஆசிரியர் ஒருமுறை செய்துகாட்டிவிட்டு வாய்மூடி இருத்தல் வேண்டும். இது பலருக்கும் அரிய செயல். உடன் ஒலித்துக்கொண்டே இருந்தால் குழந்தை தன் குரலைத் தான் கேளாது. ஒவ்வொருவராக, விரும்பினால் மட்டும், ஒலிக்கட்டும். பிழை திருத்தல் இங்கு வேண்டா. தொண்டை நோகும் உரப்பல் தோன்றின் உடனே நிறுத்துக. ஆடவர் கற்பிக்கையில் குழந்தைகள் அத்தாழ்குரலைப் பின்பற்ற முயல்வதுண்டு; அவர் தம் குரலை மெலிதாக உயர்த்திக் காட்டுதல் நன்று.

விலைகொடுத்து வாங்கும் நூலுக்குக் காத்திருக்க வேண்டா. நான்கு தாள்களை மடித்துத் தைத்தாற் போதும். முதற்பக்கத்தில் பனையேறுபவர், குரல் ஏறுக. அடுத்ததில் நுங்குக்குலை விழட்டும். குரல் சரிந்து 'தொப்' என நிற்கும். பின்னர்ச் சுழன்றடிக்கும் காற்று, அதன்பின் மயில். கடைசிப் பக்கத்தில் உறங்கும் பூனையை வரைக; அங்கே குரல் மெலிந்து, மெலிந்து, மூச்சாகிவிடும்.