மருத்துவமே வாசலுக்கு வரட்டும்!

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர், "நோய் வந்தா ஜனங்க தானா ஆஸ்பத்திரிக்கு வருவாங்க"ன்னு அடிச்சுச் சொன்னார். ஐயா, பெருங்குடல் புற்றுநோய் ஆரம்பத்துல பெரும்பாலும் சத்தமே போடாது. வலிக்குதேன்னு இவர் செருப்பை மாட்டும்போது, அது உள்ளே குடித்தனமே நடத்திக்கிட்டிருக்கும்! (சிரிப்பு)

அமெரிக்காவிலே, வட கலிபோர்னியாவிலே கைசர் பெர்மனன்டே என்று ஒரு மருத்துவ அமைப்பு. 2000-ஆம் ஆண்டில் அங்கே இந்த நோய்க்கான பரிசோதனையை உரிய காலத்தில் செய்திருந்தவர்கள் நூற்றுக்கு 39 பேர்தான். ஆஸ்பத்திரி இருந்தது, டாக்டர் இருந்தார். ஆள்தான் வரலை!

2006-லிருந்து 2008-க்குள் என்ன செய்தார்கள்? பரிசோதனைப் பெட்டியை வீட்டுக்கே தபாலில் அனுப்ப ஆரம்பித்தார்கள். மலத்தில் துளி எடுத்துக் குழாயில் அடைத்துத் திருப்பி அனுப்பினால் போதும். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தை ஆய்வுக்கூடம் கண்டுபிடித்துவிடும். அனுப்ப மறந்தவர்களுக்கு நினைவூட்டல். 2015-இல் நூற்றுக்கு 83 பேர்! அந்த நோயால் ஏற்படும் மரணம் பாதிக்கு மேல் குறைந்தது. (கைதட்டல்)

"சீ, இதையா தபால்ல அனுப்புறது?"ன்னு நண்பர் முகம் சுளிக்கிறார். கதவைச் சாத்திக்கிட்டு, தன் வீட்டுல செய்யறதுக்கு என்னய்யா வெட்கம்?

ஆஸ்பத்திரி வேண்டாம்னு நான் சொல்லலை. ரத்தம் தெரிந்தால் கொலனோஸ்கோபிக்கு அங்கேதான் போகணும். ஆனா அந்த வாசல்வரை அவரைக் கூட்டிப் போனது தபால்பெட்டி! பசிச்ச பிள்ளை அழும். இந்த நோய் அழாது. ஆகவே, தேடிப் போகும் மருத்துவமே உயிர் காக்கும் என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன்.