சுமந்து செல்ல நால்வர் வேண்டும்
(பங்கின் பொன்விழாவையொட்டிப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி என்பது கொடியேற்றமும் தேர்ப்பவனியும் மட்டுமன்று. லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் கூறும் ஜூபிலி ஆண்டு, அடிமைப்பட்டோர் விடுதலை பெற்றுத் தம் குடும்பத்திற்குத் திரும்பும் ஆண்டாகும். அத்தகைய விடுதலைக்காகக் காத்திருப்போர் நம்மிடையே உண்டா என்பதைச் சம்பள நாள் மாலையில் வாசலைப் பார்த்து நிற்கும் மனைவிமார் அறிவார்கள். ஆகவே, குடிநோயிலிருந்து மீள உதவும் கூட்டங்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

நம்மில் பலர் சாம்பல் புதனன்று குடியை நிறுத்துகிறார்கள். பாஸ்கு ஞாயிறன்று மீண்டும் தொடங்குகிறார்கள். நாற்பது நாள் நிறுத்த முடிந்தவருக்கு அதன் பிறகு ஏன் முடியவில்லை? தவக்காலத்தில் வீடும் ஊரும் அவரோடு சேர்ந்து ஒறுத்தல் செய்கின்றன. அது முடிந்ததும் அவர் தனித்து விடப்படுகிறார். பொருத்தனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பொருத்தனையைக் காக்கத் துணை வேண்டும் என்கிறேன்.

இந்த உண்மையை 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரு குடிநோயாளிகள் கண்டுகொண்டார்கள். ஒருவர் பங்குச்சந்தைத் துறையைச் சேர்ந்த பில் வில்சன். மற்றவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். தன் கதையை இன்னொரு குடிநோயாளியிடம் மனம் திறந்து சொல்லும்போது, சொல்பவரும் குடியாமல் இருக்க முடிகிறது என்று உணர்ந்தார்கள். அதிலிருந்து பிறந்ததே ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. இயக்கம். 1957இல் அது இந்தியாவிலும் வேரூன்றியது.

“இது வேறு சபையாரின் கூட்டமோ?” என்று சிலர் தயங்குகிறார்கள். ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததன்று. ஆனால் அதன் தொடக்க நாட்களிலேயே, 1939இல், ஆக்ரன் புனித தோமா மருத்துவமனையில் அருட்சகோதரி இக்னேஷியா குடிநோயாளிகளுக்குப் படுக்கை தந்து பேணினார். இயேசு சபைக் குரு எட்வர்ட் டௌலிங், 1940 முதல் பில் வில்சனின் ஆன்ம நண்பராக விளங்கினார். பாவசங்கீர்த்தனத்திற்குப் பதிலாக இக்கூட்டம் அமையாது. பாவமன்னிப்பைத் தேவதிரவிய அனுமானத்தில் பெறுங்கள். அன்றாடத் துணையைக் கூட்டத்தில் பெறுங்கள்.

இனி, தக்க கூட்டத்தைத் தேர்ந்துகொள்வது எப்படி?

முதலில் மருத்துவரைப் பாருங்கள். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். கூட்டம் மருந்தன்று, மருத்துவத்திற்குப் பின்னும் தொடரும் துணையாகும். கூட்டம் நடக்கும் இடத்தை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, குடியிலிருந்து மீண்ட ஒருவரிடமோ கேட்டறியலாம்.

இரண்டாவதாக, திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என இருவகை உண்டு. திறந்த கூட்டத்திற்குக் குடும்பத்தாரும் மற்றவரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புவோருக்கு மட்டுமே. தயங்குகிறவர் முதலில் மனைவியோடு திறந்த கூட்டத்திற்குச் செல்வது நல்லது.

மூன்றாவதாக, உங்கள் மொழியில், வேலை நேரத்திற்கு ஏற்றதாக, பஸ் வசதியுள்ள இடத்தில் நடக்கும் கூட்டத்தைப் பாருங்கள். உள்ளூரில் வெட்கமாயிருந்தால் அடுத்த ஊருக்குச் செல்லுங்கள். வெளியே செல்ல இயலாதவர்களுக்கு இன்று கைப்பேசி வழியாகவும் கூட்டங்கள் நடக்கின்றன.

நான்காவதாக, ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். பல ஆண்டுகள் குடியாமல் வாழ்பவர்கள் அங்கே இருக்கிறார்களா? புதியவரை மதித்து அமர்த்துகிறார்களா? கேட்டதை வெளியே சொல்லாமல் காக்கிறார்களா? இவற்றைக் கவனியுங்கள். ஏ.ஏ.யில் கட்டணம் கிடையாது. விரும்பியவர் காணிக்கை இடலாம். குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி. பணம் கட்டச் சொன்னாலும், மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொன்னாலும் அங்கிருந்து விலகி வேறு கூட்டம் தேடுங்கள்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வழி உண்டு. குடிநோயாளியின் குடும்பத்தாருக்காக 1951இல் தொடங்கிய இயக்கம் அல்-அனான். கணவர் வர மறுத்தாலும் நீங்கள் செல்லலாம். அவருடைய குடிக்கு நீங்கள் காரணம் அல்ல என்பதை அங்கே உணர்வீர்கள். அவர் திருந்தும்வரை உங்கள் வாழ்வு காத்திருக்க வேண்டியதில்லை.

மாற்கு நற்செய்தியின் திமிர்வாதக்காரனை நினைத்துப் பாருங்கள். அவன் தானாக நடந்து வரவில்லை. நால்வர் சுமந்து வந்தார்கள். வாசலில் கூட்டம் நெருக்கியது என்று அவர்கள் திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்து இறக்கினார்கள். ஒரு கூட்டம் பொருந்தவில்லையென்றால் இன்னொன்றைத் தேடும் பொறுமை, சுமப்பவர்களுக்கும் வேண்டும்.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறேன். முதலாவது, நம் பள்ளியின் ஒரு வகுப்பறையை வாரம் ஒரு மாலை இத்தகைய கூட்டத்திற்குத் திறந்துவிடுவோம். அவர்கள் தங்கள் செலவைத் தாங்களே ஏற்கும் மரபுடையவர்கள்; சிறு வாடகை தந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்வோம். இரண்டாவது, அவ்வறைக்குள் யார் போகிறார், யார் வருகிறார் என்று எட்டிப் பார்க்காதிருப்போம், கண்டாலும் சொல்லாதிருப்போம். மூன்றாவது, ஞானஸ்நான, திருமண விருந்துகளில் மது வைப்பதை விட்டுவிடுவோம்.

மீண்டவர் ஒருவர் மறுபடியும் விழக்கூடும். அன்று அவரை ஏளனம் செய்யாமல், அடுத்த கூட்டம் எந்தக் கிழமை என்று நினைவூட்டி, கூடவே நடந்து செல்லுங்கள். இந்தப் பொன்விழா ஆண்டில் ஒரே ஒரு தந்தை தெளிந்த மனத்தோடு தம் பிள்ளைகளிடம் திரும்பினாலும், நாம் கொண்டாடியது மெய்யான ஜூபிலியாக இருக்கும். இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.