ஊன்றுகோலாகும் திருவருள்



இன்பத்தில் இறைவனை மறப்பதும் துன்பத்தில் தேடுவதும் மக்கள் இயல்பு. இதனைச் சிலர் எள்ளுவர். அல்லற்பட்டபோது மட்டும் அழைத்தால் ஆண்டவன் செவிசாய்ப்பானோ என வினவுவர். அதற்கு விடையைத் திருவொற்றியூர்த் திருக்கோயிலின் மகிழமரமே கூறும்.

தம்பிரான் தோழராகிய சுந்தரமூர்த்தி நாயனார் ஒற்றியூரில், இறைவனுக்குப் பூமாலை தொடுக்கும் தொண்டில் நின்ற சங்கிலியாரைக் கண்டு விரும்பினார். பிரியேன் என்று சூளுரைக்க வேண்டிய நிலை வந்தது. தாம் சன்னிதியில் சூளுரைக்கும் வேளையில் மகிழமரத்தின்கீழ் எழுந்தருளியிருக்குமாறு இறைவனை வேண்டிக்கொண்டார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழின்கீழேயே சூளுறவு கொள்ளுமாறு உணர்த்தியருளினான். தோழனுக்காகத் தூது செல்பவனும் வாய்மைக்கு இழுக்கு நேர இடந்தரவில்லை! மாசிப் பெருவிழாவில் நிகழும் மகிழடி சேவை இவ்வரலாற்றை ஆண்டுதோறும் நினைவூட்டுகின்றது.

வசந்தம் வந்தது. திருவாரூர் விழாவின் நினைவு நாயனாரை ஈர்த்தது. சூளைக் கடந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். அக்கணமே இரு கண்களும் ஒளியிழந்தன.

அப்போது அவர் செய்ததென்ன? பிறர்மேல் பழி சுமத்தவில்லை. பிழை செய்தவனுக்கும் இறைவனையன்றி வேறு புகலிடம் ஏது என்னும் உரிமையோடு முறையிட்டார். பார்வை உடனே மீளவில்லை. அவர் கால்களும் ஓயவில்லை. வடதிருமுல்லைவாயிலைத் தொழுது திருவெண்பாக்கம் சேர்ந்தார். ஆங்கு இறைவன் அளித்தது கண்ணன்று, ஊன்றுகோல்! பின்னர்க் காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார்.

அன்பர்களே, இவ்வரிசை கருதத்தக்கது. துன்பம் முற்றும் நீங்கிய பிறகு திருவருள் வரவில்லை. இருளில் நடப்பதற்குரிய துணையாக அது முதலில் வந்தது. கோலைக் கண்டு நாயனார் வருந்தாமலில்லை. ஆயினும் அதனை ஊன்றியே காஞ்சிக்கு நடந்தார். வேண்டியது கிடைக்கவில்லையென்று வழிபாட்டை விடுபவர், கையிற் கிடைத்த கோலைக் காணாதவர் ஆவர்.

அக்கோலை அளித்த வெண்பாக்கத்திற்கும் ஒரு சோதனை வந்தது. சென்னை மக்களின் குடிநீருக்காகக் கொசத்தலையாற்றின் குறுக்கே அமைக்கப்பெற்று, 1944-ஆம் ஆண்டில் நிறைவுற்ற பூண்டி நீர்த்தேக்கத்தில் அப்பழைய தலம் மூழ்கியது. ஊர் மறைந்தது, வழிபாடு மறையவில்லை. பூண்டியில் திருக்கோயில் மீண்டும் எழுந்தது.

அதே கொசத்தலையாறு எண்ணூரில் கடலோடு கலக்கின்றது. 2023 டிசம்பர்ப் பெருவெள்ளத்தின்போது அம்முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, மீனவரின் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது, பிழைப்பு நின்றது. அந்நிலையிலும் மீனவர் படகேறி, வாளியும் குவளையுங் கொண்டு எண்ணெயை அள்ளி அகற்றினர். கைகூப்பிய கரமே உழைப்பிலும் ஈடுபடும்போது வேண்டுதல் நிறைவு பெறுகின்றது. அயலார் துயர் கண்டு உதவ நீளும் கரமும் இறைவன் தந்த கோலேயாகும்.

துறைமுகத்தில் சுமை தூக்குபவரும், ஆலையில் வேலை இழந்தவரும், நோயுற்ற மகவை மடியில் ஏந்திய தாயும் தளர்ந்த நெஞ்சத்தோடு நாளும் திருக்கோயில் வாயிலை நாடி வருகின்றனர். அவர்கட்குச் சாய்ந்துகொள்ள ஒரு தூணும், முறையிட ஒரு சன்னிதியும் வேண்டும். திருப்பணிக்குப் பொருளும் உழைப்பும் ஈந்த அன்பர்கள் எழுப்பியது கல்லும் சுதையும் மட்டுமன்று. கண்ணிழந்தார்க்கு ஓர் ஊன்றுகோலை நட்டுவைத்தனர். அதனைப் பற்றி நடப்போர்க்கு வழி புலப்படும்.

திருச்சிற்றம்பலம்.