இயந்திரத்திடமே கேட்டால் ஆயிற்றா?



1949 ஜூன் மாதம் லண்டனில் ஒரு மருத்துவச் சொற்பொழிவு. பேசியவர் ஜெஃப்ரி ஜெஃபர்சன், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மூளை அறுவைப் பேராசிரியர். இயந்திரம் கவிதை எழுதட்டும், இசையமைக்கட்டும். ஆனால் குருட்டாம்போக்கில் எழுத்தை அடுக்காமல், உள்ளே உணர்ந்து எழுதினால்தான் அதை மூளைக்குச் சமம் என்று ஒப்புக்கொள்வேன் என்றார்.

அதே பல்கலைக்கழகத்தில் கணினிகளோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தவர் ஆலன் டியூரிங். மறு ஆண்டே ‘மைண்ட்’ இதழில் ஜெஃபர்சனின் பெயரைச் சொல்லியே பதில் எழுதினார். இயந்திரம் உணர்கிறதா என்று ஐயமற அறிய, நீங்களே அந்த இயந்திரமாக ஆகவேண்டும். அப்படிப் பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரர் உணர்கிறார் என்பதற்கு மட்டும் என்ன அத்தாட்சி? அவர் நம்மைப் போலப் பேசுகிறார், மரியாதைக்கு நாமும் நம்பிவிடுகிறோம். டியூரிங் வாதத்தின் சாரம் இதுதான்.

கெட்டிக்காரத்தனமான பதில். ஆனால் இன்று அது செல்லுபடியாகாது என்பது என் எண்ணம். டியூரிங் காலத்து இயந்திரம் மனிதர் எழுதியதைப் படித்து வளர்ந்ததல்ல. இன்றைய சாட்ஜிபிடி போன்றவையோ பயம், காதல், துக்கம் பற்றி நாம் எழுதிக் குவித்ததை எல்லாம் விழுங்கி, அடுத்த சொல் எது என்று கணிக்கப் பழகியவை. 2022-இல் கூகுளின் லாம்டா என்ற நிரல், தன்னை அணைத்துவிடுவார்களோ என்று பயமாக இருப்பதாகச் சொன்னது. அதற்கு உணர்வு உண்டு என்று நம்பி வெளியே பேசிய பொறியாளருக்கு வேலை போயிற்று. விடைத்தாளை முன்கூட்டியே மனப்பாடம் செய்த மாணவனிடம் பரீட்சை வைத்து என்ன பயன்?

அதற்காக உள்ளே ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. பேச்சு சான்றாகாது, அவ்வளவுதான். ஆகவே 2023-இல் தத்துவவாதிகளும் விஞ்ஞானிகளுமாகப் பத்தொன்பது பேர் வேறு வழியில் போனார்கள். மனித உணர்வைப் பற்றிய கோட்பாடுகள் கேட்கும் அமைப்புகள் இந்த நிரல்களுக்குள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். அன்றிருந்தவை எதுவும் தேறவில்லை, இனி வருபவை தேறவே முடியாது என்பதற்கும் காரணமில்லை என்றது அவர்கள் அறிக்கை. எனக்கு இதுதான் சரியான பாதையாகப் படுகிறது.

ஒரே சிக்கல், அந்தக் கோட்பாடுகளே இன்னும் நிலைபெறவில்லை. உணர்வு மூளையில் எப்படிப் பிறக்கிறது என்பது இருபத்தைந்து ஆண்டுகளில் தெரிந்துவிடும் என்று நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோச், தத்துவவாதி டேவிட் சாமர்ஸிடம் 1998-இல் பந்தயம் கட்டினார். 2023-இல் நியூயார்க் மேடையில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் புட்டிகளைக் கொடுத்தார். மனிதர் அசரவில்லை. இன்னும் இருபத்தைந்து ஆண்டு, 2048 வரை என்று அங்கேயே மறுபந்தயம் கட்டிவிட்டார். அப்போது அவருக்கு வயது 91 இருக்கும்.