சித்தப்பா பட்டறையும் டாட் இந்தியாவும்

இன்னைக்கு பேசப்போற விஷயத்துக்கு வெளியுறவு, ஐ.நா., இணைய நிர்வாகம்னு பெரிய பெரிய பேரெல்லாம் இருக்கு. எனக்கு அது நாமக்கல்ல, எங்க சித்தப்பாவோட லாரி பாடி கட்டுற பட்டறையில ஆரம்பிச்சது.

வெறும் சேஸிஸா வர்ற வண்டி பாடி கட்டி, பெயின்ட் அடிச்சு வெளிய போகும். கடைசி வேலை ஆர்ட்டிஸ்ட்டோடது. கேபினுக்கு மேல குலசாமி பேரு, பக்கவாட்டுல ஓனரோட ஊரு, பின்னாடி ஏதாவது ஒரு வாசகம். எல்லாமே தமிழ்ல, நிழல் விழுற மாதிரி எழுத்து.

ரெண்டு வருஷம் முன்னாடி சித்தப்பா பட்டறைக்கு ஒரு வெப்சைட் வேணும்னார். நான் பேரை இங்கிலீஷ்ல எழுதிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "ஏங்கண்ணு, இத்தனை வண்டிக்கு தமிழ்ல பேரெழுதி அனுப்பறோம். நம்ம பட்டறைக்கு மட்டும் எதுக்கு இங்கிலீசு?"ன்னார். பதில் சொல்ல முடியல. அப்புறம் தேடிப் பார்த்து, தமிழ்லயே ஒரு முகவரி வாங்கினோம். கடைசியில டாட் இந்தியா, அதுவும் தமிழ் எழுத்துல. பட்டறைக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு சித்தப்பாவுக்கு லாரியை வெச்சுத்தான் விளக்கினேன். கேபின் மேல தமிழ்ல என்ன வேணா எழுதலாம். ஆனா நம்பர் பிளேட்டுல டிஎன் 28ன்னு இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் தான் இருக்கணும், அது மோட்டார் வாகன விதி. இணையமும் அப்படித்தான். முகவரிகளைத் தேடித் தர்ற அந்தப் பழைய அமைப்புக்குத் தெரிஞ்சது மொத்தம் 37 குறி. 26 ஆங்கில எழுத்து, 10 எண், ஒரு கோடு. நாம 'இந்தியா'ன்னு தமிழ்ல அடிச்சா, பிரவுசர் அதை எக்ஸ், என், ரெண்டு கோடு, அதுக்குப் பின்னாடி வாயில நுழையாத எழுத்து வரிசைன்னு மாத்தித்தான் அனுப்புது. மேல இருக்கிற பேரு நமக்கு. பிளேட்டு கணினிக்கு.

சரி, இந்தப் பேரை அனுமதிக்கிறது யாரு? இங்கதான் ராஜதந்திரம் வருது.

ஐகேன்னு ஒரு அமைப்பு. 1998ல் தொடங்கினது, தலைமையகம் லாஸ் ஏஞ்சல்ஸ். டாட் காம், டாட் இன், டாட் இந்தியா எல்லாம் உள்ள மூலப் பட்டியலை இவங்கதான் ஒருங்கிணைக்கிறாங்க. அரசாங்கங்களுக்கு இதுல ஒரு குழு இருக்கு, ஆனா அது ஆலோசனைக் குழு. கம்பெனிகள், தொழில்நுட்ப ஆட்கள், பொது அமைப்புகள் எல்லாரும் இருக்கிற ஒரு அரங்கத்துல அரசும் ஒரு தரப்பு. ஐ.நா. சபையில ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டுன்னு பழகின தூதர்களுக்கு இது எவ்வளவு விசித்திரமா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

2010 மே மாசம் தான் அரபியிலயும் ரஷ்ய எழுத்துலயும் நாட்டுப் பேர்கள் முதல்முறையா இந்தப் பட்டியல்ல சேர்ந்தது. அதே வருஷம் இலங்கை வந்தது. சிங்களத்துல ஒண்ணு, தமிழ்ல 'இலங்கை'ன்னு ஒண்ணு. போர் முடிஞ்சு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தரையில எந்த உரிமையும் தீர்மானமாகாத நேரத்துல, இந்தப் பட்டியல்ல மட்டும் ரெண்டு மொழியும் ஒரே வரிசையில நின்னது. இதை நினைச்சு சந்தோஷப்படறதா வேண்டாமான்னு எனக்கு இன்னும் தெரியல. 2011ல் 'இந்தியா'வும் 'சிங்கப்பூர்'ரும் வந்தது. ஆக, மூணு நாடு தமிழ் எழுத்துல தன் பேரை வெச்சிருக்கு. மலேசியாவுக்கு இல்ல. அந்த நாட்டுல தமிழ் ஆட்சிமொழி இல்லைங்கிறதால, அவங்க வாங்கினது ஜாவி எழுத்துல.

இன்னொரு கூத்து. அந்தக் காலத்துல மூலப் பட்டியல்ல ஒரு வரி மாறணும்னாலும் அமெரிக்க வணிகத் துறை சம்மதிக்கணும். 2011ல் 'இந்தியா'ன்னு தமிழ்ல எழுதறதுக்கும் கடைசிக் கையெழுத்து வாஷிங்டன்ல தான். இதனாலயே அதே வருஷம் அக்டோபர்ல இந்தியா ஐ.நா.வுல, 50 நாடுகள் கொண்ட ஒரு குழு இணையக் கொள்கையைப் பார்த்துக்கட்டும்னு முன்மொழிஞ்சது. இங்க நம்ம நாட்டுலயே எதிர்ப்பு. அரசுகள் கையில இணையம் போயிடும்னு. 2015ல் அமைச்சர் ரவி சங்கர் பிரசாத், எல்லாத் தரப்பும் சேர்ந்து நடத்துற முறையைத்தான் இந்தியா ஆதரிக்குதுன்னு சொல்லிட்டார். 2016 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவோட அந்த ஒப்பந்தமும் முடிஞ்சது.

'இப்போ யாருக்கும் அதிகாரம் இல்லையா?'ன்னு கேட்டீங்கன்னா, 2022ஐப் பாருங்க. ரஷ்யா படையெடுத்த சில நாள்லயே, ரஷ்யாவோட டாட் ஆர்யூவை எடுத்துடுங்கன்னு உக்ரைன் ஐகேனுக்கு எழுதிச்சு. எங்க வேலை இணையம் ஓடுறதை உறுதி செய்யறது, தண்டனை கொடுக்கறது இல்லைன்னு ஐகேன் மறுத்துடுச்சு. உக்ரைனோட வலி எனக்குப் புரியுது. ஆனா மறுத்தது சரின்னு தான் நினைக்கிறேன். ஒருமுறை எடுத்துட்டா, அடுத்து யார் பேரை எடுக்கலாம்னு வரிசை நிக்கும்.

யாரெல்லாம் 'நாடு'ங்கிறதுக்கு ஐகேன் ஒரு தர நிர்ணயப் பட்டியலை வெச்சுக்குது. அங்குவில்லான்னு கரீபியன்ல ஒரு சின்னத் தீவு, சுமார் 15,000 பேர். அவங்களுக்கு அந்தப் பட்டியல்ல கிடைச்ச ரெண்டெழுத்து டாட் ஏஐ. ஏஐ கம்பெனிங்க எல்லாம் போட்டி போட்டு வாங்க, 2023ல் மட்டும் 3 கோடி டாலருக்கு மேல வருமானம். 2011 கணக்குப்படி நாமக்கல் மாவட்டத்துல மட்டும் 17 லட்சம் பேர், சேலத்துல 34 லட்சம். தமிழ்நாட்டுல 7 கோடி. இந்தப் பட்டியலுக்கு நாம ஒரு நாடு இல்ல, அதனால தனியா எதுவும் இல்ல. கட்டலான் மொழிக்காரங்க 2005லயே மொழிக்குன்னு டாட் கேட் வாங்கிட்டாங்க. அந்த மாதிரி புதுப் பேருக்கு 2026 ஏப்ரல்ல விண்ணப்பம் திறக்கறதா ஐகேன் அறிவிச்சது. கட்டணம் 2,27,000 டாலர். சித்தப்பாகிட்ட சொன்னேன். "அதுல எத்தனை லாரி வாங்கலாம்?"னு கேட்டார்.

சரி, பட்டறைக்கு வர்றேன். முதல் பிரச்சினை எழுத்துல வந்தது. பட்டறை பேர்ல ஒரு 'கௌ' இருக்கு. போன்ல சிலர் 'கெ' அடிச்சு பக்கத்துல 'ள' அடிக்கிறாங்க. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, கணினிக்கு வேற வேற. திருச்செங்கோட்டுல இருந்து ஒருத்தர் போன் பண்ணி, "உங்க வெப்சைட்டு மூடிட்டீங்களா?"ன்னு கேட்டார். நினைச்சுப் பாருங்க, இதே வித்தியாசத்தை வெச்சு ஒருத்தன் பேங்க் பேர்ல போலி சைட் போட்டா? மூலப் பட்டியலைப் பொறுத்தவரை இதுக்கு விதி இருக்கு. ஒன்பது இந்திய எழுத்துகளுக்கான குழு ஒண்ணு பல வருஷம் உட்கார்ந்து, எது எதோட குழம்பும்னு பட்டியல் போட்டது. தமிழ் 'உ'வும் மலையாள 'உ'வும் எவ்வளவு நெருக்கம்னு அவங்களுக்குத் தெரியும். வரைவை யார் வேணா படிச்சு கருத்து எழுதலாம்னு வெளியிட்டாங்க. 2019ல் தமிழ் விதிகள் உள்ள வந்தது. நம்மள்ல எத்தனை பேர் கருத்து எழுதினோம்? எனக்கு அப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது.

ரெண்டாவது பிரச்சினை பணத்துல கை வெச்சது. அதே பேர்ல தமிழ்லயே ஒரு மெயில் முகவரி போட்டுக் கொடுத்திருந்தேன். இதுக்கான தொழில்நுட்பத் தரம் 2012லயே வந்துடுச்சு, ஜிமெயில் 2014ல் இருந்து இந்த மாதிரி முகவரிக்கு அனுப்பவும் வாங்கவும் செய்யுது. ஒரு பெரிய கம்பெனி, பேர் வேண்டாம், 12 வண்டிக்கு பாடி கட்ட ஆன்லைன்ல பதிவு செய்யச் சொல்லியிருந்தாங்க. சித்தப்பா ரெண்டு சாயங்காலம் முயற்சி பண்ணார். படிவம் தமிழ்ல தான் இருந்தது. தமிழ் மெயிலை அடிச்சா, சிவப்புல 'சரியான மின்னஞ்சல் முகவரியை உள்ளிடவும்'னு வருது. தமிழ்லயே சொல்லுது, தமிழ் செல்லாதுன்னு! தன் மேல தான் தப்புன்னு நினைச்சு, மூணாவது நாள் தான் எனக்கு போன் பண்ணார். அதுக்குள்ள தேதி முடிஞ்சிருந்தது.

எனக்குக் கோபம். அந்தக் கோபத்தோட என் ஆபீஸ் கோடைத் திறந்து பார்த்தேன். மெயில் சரியா தப்பான்னு பார்க்கிற அந்த ஒரு வரி, ஏ முதல் இஸட் வரை மட்டும் அனுமதிக்கிற வரி, அங்கயும் இருந்தது. எழுதினது யாருன்னு பார்த்தா நான்தான். எங்கிருந்தோ காப்பி அடிச்சு ஒட்டினது. ஐகேன்ல ஒரு பேருக்கு வருஷக்கணக்கா பேசி முடிச்ச விஷயத்தை நான் அஞ்சு செகண்ட்ல ரத்து பண்ணியிருக்கேன்.

திருத்தறதுக்கு ஒரு மத்தியானம் ஆச்சு. டீம்ல ஒருத்தர், "தமிழ்ல மெயில் யாருங்க வெச்சிருக்கா?"ன்னு கேட்டார். எங்க சித்தப்பான்னு சொன்னேன். சிரிச்சாங்க, ஆனா மாத்திட்டாங்க. இதைக் கேட்கிறவங்கள்ல பாதிப் பேராவது கோடு எழுதறவங்கன்னு தெரியும். உங்க படிவத்துல ஒரு தமிழ் முகவரியை அடிச்சுப் பாருங்க. என்ன வருதுன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.

போன மாசம் பட்டறைக்குப் போயிருந்தேன். வாசல்ல புது போர்டு. ஆர்ட்டிஸ்ட் தமிழ் முகவரியை மஞ்சள்ல, நிழலோட, அழகா எழுதியிருந்தார். அதுக்குக் கீழ நான் அவசரத்துக்குப் போட்டுக் கொடுத்த இங்கிலீஷ் ஜிமெயில். ரெண்டுக்கும் கீழ, ரெண்டையும் விடப் பெருசா, போன் நம்பர்.